ஐந்து கோடைகளின் கணக்கு

பதின்மூன்று வயதில் தொடங்கிப் பதினேழில் முடிகிறது: டீன் ஏஜ் பிள்ளைகள் பெற்றோருடன் ஊர் போகும் கோடைகள் அவ்வளவுதான். அதிலும் பாதியைத் தேர்வுகள் எடுத்துக்கொள்கின்றன. மிச்சமிருப்பதை என்ன செய்வது என்பதுதான் இப்போது நடுத்தர வர்க்கக் குடும்பங்களின் பெரிய கேள்வி.

பிள்ளை வளர்ந்துவிட்டதைப் பெற்றோருக்கு முதலில் சொல்வது டிக்கெட் கவுண்டர்தான். ரயிலில் 5 வயதுவரை டிக்கெட் வேண்டாம். அதற்கு மேல் 12 நிறையும்வரை அரை டிக்கெட். அதுவும் தனிப் படுக்கை கேட்காவிட்டால் மட்டுமே. படுக்கை வேண்டுமென்றால் முழுக் கட்டணம் என்ற விதி 2016 ஏப்ரலில் வந்தது. 12 ஆகிவிட்டால் பேச்சுக்கே இடமில்லை. ரயிலுக்கும் விமானத்துக்கும் அவன் பெரியவன்.

மற்றவை ஒவ்வொன்றாகப் பின்னால் வருகின்றன. 13 ஆனால்தான் அமர்நாத் யாத்திரைக்குப் பதிவு செய்யலாம். 15 வயதில் ஆதார் கைரேகையைப் புதுப்பிக்க வேண்டும். அதே வயதில்தான் தொல்லியல் துறையின் சலுகையும் முடிகிறது. மாமல்லபுரத்திலும் தாஜ்மகாலிலும் 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. போன வருடம் வரை ஓசியில் நுழைந்த பெண்ணுக்கு இந்த வருடம் அப்பா பர்ஸைத் திறக்க வேண்டும். 16-ல் பெற்றோர் சம்மதத்துடன், 50 சிசிக்கு மேற்படாத, கியர் இல்லாத வண்டிக்கு உரிமம். 18-ல் மற்ற வண்டிகளுக்கும் உரிமம், கூடவே ஓட்டு. 1989 மார்ச்சுக்கு முன்பு ஓட்டுப் போட 21 ஆக வேண்டும்.

அரசாங்கம் வயதை இப்படிப் படிப்படியாக அளந்து கொடுக்கிறது. குடும்பங்கள் அதை அளப்பது கோடைகளால். எந்த வருடம் ஊட்டி, எந்த வருடம் குலதெய்வம் கோயில், எந்த வருடம் தாத்தா இருந்தார், எந்த வருடம் இல்லை. ஆல்பத்தைப் புரட்டினால் பிள்ளைகளின் உயரம் தெரிவது மே மாதப் படங்களில்தான்.

ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்வோம். அப்பா தில்லியில் மத்திய அரசு ஊழியர், அம்மா பள்ளி ஆசிரியை. மகள் 2010-ல் பிறந்தவள், மகன் 2013-ல். அப்பாவுக்குச் சொந்த ஊர் கும்பகோணம். அங்கே பாட்டி தனியாக இருக்கிறார்; இரண்டு தெரு தள்ளி சித்தப்பா வீடு. கும்பகோணத்துக்குப் பதில் திருநெல்வேலி அல்லது பாலக்காடு என்றும், தில்லிக்குப் பதில் மும்பை, கொல்கத்தா அல்லது பிலாய் என்றும் மாற்றிக்கொள்ளலாம். கணக்கு மாறாது.

தேர்வுகள் தின்ற மே மாதம்

கணக்கு எளிது. 13 முதல் 17 வரை ஐந்து கோடைகள். எட்டாம் வகுப்பும் ஒன்பதாம் வகுப்பும் முடிந்து வரும் இரண்டு கோடைகள் ஓரளவு சுதந்திரமானவை. பத்தாம் வகுப்பு முடிந்து வருவது மூன்றாவது. பிளஸ் ஒன் முடிந்து வருவது நான்காவது. அதில் பிளஸ் டூ பாடம் பாதி தொடங்கியிருக்கும். ஐந்தாவது கோடையில் பயணப் பேச்சையே எடுக்க முடியாது.

ஐந்தாவது கோடையின் நாட்காட்டியைப் பார்த்தால் காரணம் புரியும். 2025-ல் மே 4-ம் தேதி நீட். 22 லட்சத்துக்கும் அதிகமானோர் எழுதினார்கள். மே 13-ல் மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வு தொடங்கி ஜூன் வரை நீண்டது. மே 18-ல் ஐஐடிகளுக்கான ஜேஇஇ அட்வான்ஸ்டு. பிறகு முடிவுகள், கலந்தாய்வு, கட்டணம் கட்டக் கடைசித் தேதி. ஒரு தலைமுறைக்கு முன்பு பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் மார்க் ஷீட் வரும்வரை மாமா வீட்டுத் திண்ணையில் சீட்டு விளையாடினார்கள். இன்று அதே வாரங்களில் கணினி முன்னால் உட்கார்ந்து விருப்பக் கல்லூரிகளை வரிசைப்படுத்துகிறார்கள்.

பத்தாம் வகுப்புக் கோடை மட்டும் நீண்ட காலம் தப்பியிருந்தது. இப்போது அதற்கும் இரண்டு பக்கத்திலிருந்து நெருக்கடி. ஒரு பக்கம் சிபிஎஸ்இ. 2026 முதல் பத்தாம் வகுப்புக்கு ஆண்டுக்கு இரண்டு தேர்வுகள், முதலாவது பிப்ரவரியில், மதிப்பெண்ணைக் கூட்டிக்கொள்ள விரும்புவோருக்கு இரண்டாவது மே மாதத்தில் என்று 2025 ஜூனில் அறிவித்தது. பயத்தைக் குறைக்க வந்த ஏற்பாடுதான். ஆனால் பிள்ளைக்கு இன்னும் நாலு மார்க் கிடைக்கலாம் என்று தெரிந்தால் எந்தப் பெற்றோர் மே மாதத்துக்கு ரயில் டிக்கெட் எடுப்பார்கள்?

மறு பக்கம் கோச்சிங். 16 வயது ஆகாதவர்களை, பத்தாம் வகுப்புத் தேர்வு முடிக்காதவர்களைப் பயிற்சி மையங்கள் சேர்க்கக் கூடாது என்று மத்தியக் கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. கோட்டாவில் மாணவர் தற்கொலைகள் நாட்டையே உலுக்கியிருந்த நேரம் அது. நல்ல நோக்கம். ஆனால் அதனால் பத்தாம் வகுப்பின் கடைசித் தேர்வு நாள், கோச்சிங் வகுப்புகளின் கதவு திறக்கும் நாளாகவும் ஆகிவிட்டது. மார்ச்சில் தேர்வு முடிகிறது. ஏப்ரலில் பவுண்டேஷன் வகுப்பு, பிரிட்ஜ் கோர்ஸ் என்று ஏதோ ஒரு பெயரில் அடுத்த ஓட்டம் தொடங்குகிறது. பல பள்ளிகளில் முடிவு வருவதற்கு முன்பே பதினொன்றாம் வகுப்பும் தொடங்கிவிடுகிறது.

ஆக, மகளுக்கு 2026-ல் பத்தாம் வகுப்பு முடிந்த கையோடு கிடைத்த வாரங்கள், அவள் பெற்றோர் வீட்டுப் பிள்ளையாகக் கவலையில்லாமல் ஊர் போகக்கூடிய கடைசி வாரங்களாக இருக்கலாம். அப்பா அம்மாவுக்கு இது தெரியும். அவளுக்கும் தெரியும். பாட்டிக்குத்தான் இன்னும் யாரும் சொல்லவில்லை.

இதில் வெயிலும் சேர்ந்துகொண்டது. 2024-ல் மேற்கு வங்கம் கோடை விடுமுறையை ஏப்ரல் 22-க்கே முன்னால் இழுத்தது. தமிழ்நாடு 2023-ல் பள்ளி திறப்பை ஜூன் நடு வாரம்வரை தள்ளிப்போட்டது. தில்லிப் பள்ளிகள் மே பாதியில் மூடி ஜூலையில் திறக்கும். தமிழ்நாட்டிலோ ஏப்ரல் கடைசியில் மூடி ஜூனில் திறக்கும். தில்லிப் பிள்ளைகள் கும்பகோணம் வந்து சேரும்போது சித்தப்பா பிள்ளைகள் புதுப் புத்தகத்துக்கு அட்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். ஒரே பாட்டியின் பேரப் பிள்ளைகள் ஒன்றாக இருக்கக் கிடைப்பது ஏறத்தாழ இரண்டு வாரம்.

அறுபது நாள் முன்னால்

மத்திய அரசு ஊழியருக்கு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை சொந்த ஊர் போய்வர எல்டிசி உண்டு. நான்கு ஆண்டில் ஒரு முறை சொந்த ஊருக்குப் பதில் இந்தியாவில் எங்கு வேண்டுமானாலும் போகலாம். அந்தச் சலுகையில்தான் தமிழ்க் குடும்பங்கள் பல சிம்லாவையும் டார்ஜிலிங்கையும் பார்த்தன. இப்போதைய தொகுப்பு 2026 முதல் 2029 வரை. அதற்குள் மகளுக்கு 19 ஆகிவிடும். எனவே அந்த ஒரு 'எங்கு வேண்டுமானாலும்' எங்கே என்பது வீட்டில் சாதாரண விவாதம் அல்ல.

டிக்கெட் எடுப்பது தனி அத்தியாயம். கணினி முன்பதிவு 1986-ல் தில்லியில் வருவதற்கு முன்பு, கவுண்டர் வாசலில் விடிய விடிய உட்கார்ந்த அப்பாக்கள் உண்டு. இணையத்தில் டிக்கெட் 2002-ல் வந்தது. 120 நாள் முன்னால் பதியலாம் என்றிருந்ததை 2024 நவம்பர் 1 முதல் 60 நாளாகக் குறைத்தார்கள். இதன் அர்த்தம், மே கடைசியில் பயணமென்றால் மார்ச் கடைசியில் ஒரு நாள் காலை எட்டு மணிக்கு மொத்தக் குடும்பமும் ஆளுக்கொரு திரையுடன் தயாராக இருக்க வேண்டும். இந்த இடத்தில்தான் வீட்டில் முதல் அதிகார மாற்றம் நடக்கிறது. அப்பா பாஸ்வேர்டைத் தேடிக்கொண்டிருக்கும்போது பதின்மூன்று வயதுப் பையன் நான்கு பேர் பெயரையும் அடித்து முடித்திருப்பான். அடுத்த வருடத்திலிருந்து டிக்கெட் அவன் பொறுப்பு. யாரும் அறிவிப்பதில்லை, அப்படியே ஆகிவிடுகிறது.

நாள் குறிக்கும்போது அம்மா மனதில் இன்னொரு நாட்காட்டியும் ஓடும். மகளுக்கு அந்த நாட்களில் இரண்டு இரவு ரயில் பயணம் வந்துவிடக் கூடாது. ரயில் கழிப்பறையைப் பற்றி வீட்டு ஆண்கள் நகைச்சுவையாகப் பேசுவார்கள். பெண்களுக்கு அது நகைச்சுவை இல்லை. இந்த ஒரு விஷயத்தில் பல வீடுகளில் மாற்றம் வந்திருக்கிறது. முன்பு அம்மா யாருக்கும் தெரியாமல் தேதியை மாற்றச் சொல்வார். இன்று மகளே நேராக அப்பாவிடம் அந்த வாரம் வேண்டாம் என்று சொல்கிறாள். அவரும் ஏன் என்று கேட்பதில்லை.

புது தில்லியில் இருந்து சென்னைக்கு ஏறத்தாழ 2,180 கி.மீ. 1929-ல் பெஷாவருக்கும் மங்களூருக்கும் இடையே தொடங்கிய கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸும், 1976-ல் வந்த தமிழ்நாடு எக்ஸ்பிரஸும் வடக்கே வேலைக்குப் போன மூன்று தலைமுறைத் தமிழர்களைச் சுமந்திருக்கின்றன. வழியில் நர்மதை, கோதாவரி, கிருஷ்ணா, பெண்ணாறு. பாலம் வந்ததும் காசு போட்டுக் கும்பிடுவது அம்மா காலத்துப் பழக்கம். நாக்பூரில் ஆரஞ்சு பர்பி. இரவு பத்து மணிக்கு நடுப் படுக்கையைத் தூக்கி மாட்டினால் காலை ஆறு வரை யாரும் கேட்க முடியாது என்பது ரயில்வே விதி.

ஹோல்டாலும் மண் கூஜாவும் போய்விட்டன. புளியோதரை போகவில்லை. மாறியது பேச்சுதான். ஒரு பிள்ளை காதில் ஹெட்போன். இன்னொன்று சார்ஜர் பாயிண்ட் உள்ள பக்கவாட்டுப் படுக்கையைப் பிடித்துக்கொண்டது. இதைப் பார்த்துப் பெற்றோர் நொந்துகொள்வது வழக்கம். ஆனால் ரயிலில் ஒரு வசதி இருக்கிறது. டவர் போகும். காடும் மலையும் வரும் இடங்களில் பத்து நிமிடம், இருபது நிமிடம் திரை நின்றுவிடும். எதிரெதிரே உட்கார்ந்திருக்கும் நால்வருக்கு வேறு போக்கிடம் கிடையாது. எந்த குரூப் எடுப்பது, தில்லியிலேயே படிப்பதா வெளியூரா, பள்ளியில் யாரோடு சண்டை என்று வீட்டில் பத்து மாதமாகக் கேட்டும் கிடைக்காத பதில்கள் கதவோரம் நின்று காற்று வாங்கும்போது வந்துவிடுகின்றன. விமானத்தில் மூன்று மணி நேரத்தில் போய்விடலாம் என்று தெரிந்தும் சில குடும்பங்கள் ரயிலையே பிடித்துக்கொண்டிருப்பதற்குக் கட்டணம் மட்டுமே காரணம் அல்ல.

சாவி கேட்கும் வயது

சென்ட்ரலில் இறங்கி, எழும்பூருக்கு ஆட்டோ பிடித்து, அடுத்த ரயிலில் கும்பகோணம். பையன் முதலில் கேட்பது காவிரியைத்தான். மே மாதத்தில் அங்கே இருப்பது மணல். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. அதன் பிறகுதான் கடைமடைக்குத் தண்ணீர். பாட்டி சொன்ன கதைகளில் கரை புரண்டோடிய ஆற்றில் உள்ளூர்ப் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருப்பார்கள். தண்ணீர் இருக்கும் இடங்கள்தான் ஆபத்து. கொள்ளிடத்தில் மணல் எடுத்த பள்ளங்களின் ஆழம் மேலிருந்து தெரியாது. கோடை விடுமுறைக்கு வந்த பிள்ளைகள் ஆற்றிலும் குளத்திலும் மூழ்கிய செய்தி ஒவ்வொரு வருடமும் நாளிதழில் வருகிறது. நகரத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு நீச்சல் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் அந்த வயதில் கூச்சம். ஊருக்குப் புறப்படும் முன் சொல்லித் தர வேண்டியது முதலில் அதுதான்.

அடுத்தது மோட்டார் சைக்கிள். ஊருக்கு வந்த அண்ணன் மகனுக்குச் சித்தப்பா பாசத்துடன் செய்யும் முதல் காரியம், வண்டிச் சாவியைத் தருவது. கடைத்தெரு வரைக்கும்தானே என்பார். 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தில் இதற்கு விலை இருக்கிறது. உரிமம் இல்லாத சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் வண்டியின் சொந்தக்காரர் அல்லது பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதம், 3 ஆண்டு வரை சிறை. வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. சிறுவருக்கு 25 வயதுவரை உரிமம் கிடைக்காமல் போகலாம். சித்தப்பாவிடம் இதை எடுத்துச் சொல்வது அண்ணனுக்குச் சங்கடம். சொல்லாமல் விட்டால் சங்கடம் வேறு விதமாக வரும்.

பெண் பிள்ளைக்கு வரும் மைல்கல் வேறு. பள்ளி விடுமுறை, உறவினர் கூடும் காலம் என்பதால் ஊரில் பூப்பு நீராட்டு விழாக்கள் கோடையில்தான் அதிகம். பந்தல், ஒலிபெருக்கி, வாசலில் பெண்ணின் முகம் அச்சடித்த பிளெக்ஸ். தில்லியில் அறிவியல் பாடத்தில் இதை மதிப்பெண்ணுக்காகப் படித்த பெண்ணுக்கு, தன்னுடைய உடம்பின் செய்தி தெருவுக்கு அறிவிக்கப்படுவது தாங்க முடியாத விஷயம். பாட்டிக்கோ அது தாய்மாமன் சீர் வரும் நாள், குடும்பத்தின் கௌரவம், கொடுத்த மொய் திரும்பும் வேளை. இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதாக அப்பா நினைக்கலாம். ஆனால் முடிவு யாருடையது? பல வீடுகளில் நடுவழி ஒன்று கண்டுபிடித்திருக்கிறார்கள்: வீட்டோடு ஒரு புடவை, ஒரு நல்ல சாப்பாடு, பந்தல் கிடையாது. தன்னிடம் கேட்டுச் செய்தார்கள் என்பதைப் பெண் பிள்ளைகள் மறப்பதில்லை. கேட்காமல் செய்ததையும் மறப்பதில்லை.

ஊரில் கூர்மையாகத் தெரியும் இன்னொன்று மொழி. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளில் படிப்பவர்களை விட்டால், வடக்கே வளரும் தமிழ்ப் பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் பேச்சோடு சரி. பேருந்தின் முகப்பில் ஊர்ப் பெயரைப் படிக்கத் தெரியாமல் நிற்கும் பதினாறு வயதுப் பெண்ணை ஊர்ப் பிள்ளைகள் சிரிப்பார்கள். சில பாட்டிகள் இதற்குச் செலவில்லாத வழி வைத்திருக்கிறார்கள். கண் சரியாகத் தெரியவில்லை என்று சொல்லிக் காலைப் பேப்பரைப் பேத்தியிடம் கொடுத்துவிடுவது. முதல் வாரம் தலைப்புச் செய்தி மட்டும். மூன்றாவது வாரம் சாவுச் செய்திகள் உட்பட எல்லாம். எந்த பிரிட்ஜ் கோர்ஸும் இந்த வேகத்தில் பாடம் நடத்தியதில்லை.

எங்கே போவது, யார் சொல்வது

எட்டு வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்கும் போகலாம். பதினைந்து வயதுப் பிள்ளையைக் கேட்டுத்தான் போக வேண்டும். கேட்காமல் போனால் கொடைக்கானல் ஏரியிலும் அதன் முகம் தூக்கிவைத்தபடியே இருக்கும்.

பழைய பட்டியலுக்கும் இப்போது முன்போல் கிளம்பிவிட முடியாது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் எண்ணிக்கைக்கே வரம்பு: ஊட்டிக்கு வார நாளில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. மலைக்கு நல்லது. நினைத்தபோது கிளம்பும் குடும்பங்களுக்குப் புதுப் பழக்கம். மேட்டுப்பாளையத்தில் இருந்து ஏறும் மலை ரயில் இன்னும் 46 கி.மீ. தூரத்தை அதே நிதானத்தில்தான் கடக்கிறது. 1899-ல் குன்னூர் வரை, 1908-ல் ஊட்டி வரை போடப்பட்ட பாதை. 208 வளைவுகள், 16 சுரங்கங்கள். பற்சக்கரத்தைத் தண்டவாளத்தின் பல்லில் மாட்டி ஏறும் விதம் இந்தியாவில் வேறெங்கும் பயணிகள் ரயிலில் இல்லை. இயற்பியல் பாடம் பிடிக்காத பையனும் குனிந்து பார்ப்பான்.

டீன் ஏஜ் பிள்ளைகளுடன் போய் வந்தவர்கள் சொல்லும் ஒரு விஷயம், பத்தாம் வகுப்புப் பாடத்தை ஒட்டிப் போனால் பயணம் ருசிக்கிறது என்பது. படிக்கும்போது அல்ல, தேர்வு முடிந்த பிறகு. தில்லியில் இருந்து அமிர்தசரஸ் ஒரு பகல் ரயில். 1919 ஏப்ரல் 13 என்று ஒரு மதிப்பெண் கேள்விக்கு எழுதியவள், ஜாலியன்வாலா பாகின் அந்தக் குறுகிய சந்து வழியாகத் தானே நடந்து உள்ளே போகும்போது தேதியைச் சொல்வதில்லை, எதுவுமே சொல்வதில்லை. அடுத்து நடை தூரத்தில் பொற்கோயில். தரையில் வரிசையாக உட்கார்ந்து யார் பக்கத்தில் யார் என்று பார்க்காமல் சாப்பிடுவது, சமத்துவம் பற்றிய குடிமையியல் பாடத்தைவிடச் சுருக்கமானது. தெற்கே வருபவர்களுக்கு, சிவகங்கை மாவட்டம் கீழடியில் 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகம். பானை ஓட்டில் யாரோ கீறிய பெயர்கள். தன் பெயரைத் தமிழில் எழுதத் தடுமாறும் பெண் அதன் முன்னால் கொஞ்சம் அதிக நேரம் நிற்கக்கூடும்.

பணத்தைப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்க்கும் குடும்பங்களும் உண்டு. 10 வயதுக்கு மேற்பட்ட சிறுவர்கள், வங்கி வைக்கும் வரம்புக்குள் சேமிப்புக் கணக்கைத் தாங்களே நடத்தலாம் என்று ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரலில் அனுமதித்தது. பயணத்தில் ஒரு நாள் முழுக்கச் சாப்பாடு, ஆட்டோ, டிக்கெட் எல்லாவற்றுக்கும் ஒரு தொகையைப் பதினாறு வயது மகளிடம் தந்துவிடுவது நல்ல சோதனை. காலையில் நூடுல்ஸும் மில்க் ஷேக்கும். மாலையில் மீதியை எண்ணிப் பார்த்துவிட்டு அவளே இட்லிக் கடையைத் தேடுவாள். இத்தனை வருடம் அப்பா ஏன் எல்லா இடத்திலும் விலை கேட்டுவிட்டு வெளியே வந்தார் என்பது அன்று புரிந்துவிடும்.

கடைசியாக வருவது தனிப் பயணம். ஒரே ஒரு இரவு, கும்பகோணத்தில் இருந்து சென்னை வரை, அங்கே அத்தை வந்து அழைத்துக்கொள்வார். பையனென்றால் கேள்வியில்லாமல் அனுப்பிவிடுவார்கள். பெண்ணென்றால் மூன்று நாள் மாநாடு. நெடுந்தூர ரயில்களின் ஸ்லீப்பர் வகுப்பில் பெண்களுக்கென 6 படுக்கைகள் ஒதுக்கீடு உண்டு. உதவிக்கு 139 என்ற எண் உண்டு. இவற்றைப் பிள்ளைக்கும் தெரியவைத்து, இரண்டு நிலையத்துக்கு ஒரு முறை செய்தி அனுப்பச் சொல்லி அனுப்பும் வீடுகள் கூடி வருகின்றன. அந்த இரவு தூங்காதவர்கள் வீட்டில் இருப்பவர்கள்தான். இன்னும் ஒரு வருடத்தில் அவள் விடுதியில் இருப்பாள். அப்போது தானாகப் பழக வேண்டியதை இப்போது தெரிந்தவர்கள் இரு முனையிலும் நிற்கும்போது பழகுவது நல்லது.

இத்தனையும் விடுமுறை உள்ளவர்களின் கதை. இதே மே மாதத்தில் தாராவியின் பட்டறைகளிலும் திருப்பூரின் பனியன் யூனிட்டுகளிலும் பிள்ளைகளின் முதல் சம்பளமும் கைக்கு வருகிறது. 2016-ல் திருத்தப்பட்ட சட்டப்படி 14 வயதுக்குக் கீழே வேலைக்கு வைக்கக் கூடாது. சொந்தக் குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக, விடுமுறையில் உதவலாம். 14 முதல் 18 வரை ஆபத்தான தொழில்கள் கூடாது. அந்தப் பிள்ளைகளுக்கும் இது மைல்கல்தான். அந்தச் சம்பளத்தில் ஜூன் மாத நோட்டுப் புத்தகம் வந்ததா, அல்லது ஜூனில் பள்ளிக்கே போகாமல் போனார்களா என்பதில்தான் வித்தியாசம். திருநெல்வேலிப் பக்கத்தில் இருந்து மும்பை போன குடும்பங்களில் பல, இரண்டு வருடத்துக்கு ஒரு முறை கோயில் கொடைக்காக மட்டும் ஊர் வருகின்றன. அந்த நான்கு நாளும் பெரும்பாலும் முன்பதிவில்லாப் பெட்டியில் தொடங்கி அதிலேயே முடிகின்றன.

பாட்டியின் பக்கம்

கணக்கில் விட்டுப்போகும் ஒருவர் உண்டு. பேரப் பிள்ளைகளின் ஐந்து கோடைகளைப் பற்றிப் பேசுகிறோம். எண்பதை நெருங்கும் பாட்டிக்கு எத்தனை கோடைகள் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. முன்பு பாட்டிகள் வடக்கே வருவார்கள். 58 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு ரயில் கட்டணத்தில் பாதி, 60 தாண்டிய ஆண்களுக்கு 40 சதவீதம் தள்ளுபடி இருந்தது. கொரோனா வந்த 2020 மார்ச்சில் அது நிறுத்தப்பட்டது. பென்ஷனை எண்ணிச் செலவழிக்கும் பாட்டி அதற்குப் பிறகு, முட்டி வலி என்று சொல்லித் தில்லிப் பயணத்தைத் தவிர்த்தால் அதில் முட்டியின் பங்கு எவ்வளவு என்பது அவருக்கே தெரியும்.

எனவே பயணம் ஒரு திசையில்தான். பேத்தி வந்தால் பார்க்கலாம். வராவிட்டால் வீடியோ அழைப்பு. அதில் பாட்டிக்குத் தெரிவது பாதி நெற்றியும் மின்விசிறியும்.

கும்பகோணத்துக்கு இதை எண்ணச் சொந்தமாக ஒரு கடிகாரம் இருக்கிறது. மகாமகம் 12 ஆண்டுக்கு ஒரு முறை. சென்ற முறை 2016 பிப்ரவரியில். அப்போது மகளுக்கு ஆறு வயது ஆகவில்லை. அப்பாவின் தோளில் இருந்து குளத்தைப் பார்த்தாள். அடுத்தது 2028-ல். மாசி மாதம், பிளஸ் டூ தேர்வுகளின் மாதம். அந்த வருடம் அவள் தேர்வு எழுதிக்கொண்டிருப்பாள். கும்பகோணம் அவளுடைய நுழைவுத் தேர்வுக்காக நாளை மாற்றிக்கொள்ளாது.

இது தெரிந்த குடும்பங்கள் செய்வது சிறிய காரியங்கள். கோச்சிங் வகுப்பில் இரண்டு வாரம் தாமதமாகச் சேர முடியுமா என்று கேட்கிறார்கள். சில இடங்களில் முடியாது என்கிறார்கள், சில இடங்களில் பதிவு செய்த பாடங்களைத் தருகிறார்கள். எல்டிசியில் சிம்லாவை அடுத்த முறைக்குத் தள்ளிவிட்டுச் சொந்த ஊரையே எழுதுகிறார்கள். மகள் ஒரு முறை சம்மதிக்கிறாள், ஒரு முறை அழுகிறாள். இரண்டு வார இடைவெளியில் மற்றவர்கள் முந்திவிடுவார்கள் என்ற பயம் அவளுடையது, அது பொய்யான பயமும் அல்ல. அவளை ஊருக்குக் கட்டாயமாக இழுத்துச் செல்வதும் தவறு, கோடை முழுவதையும் வகுப்புக்குக் கொடுத்துவிடுவதும் தவறு. நடுவில் பத்து நாள், அவளே தேர்ந்தெடுத்த பத்து நாள் என்றால் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள்.

பத்து நாளில் பெரிதாக ஒன்றும் நடக்காது. காலைப் பேப்பர், மதியம் மாங்காய், மாலையில் சாரங்கபாணி கோயில் வரை ஒரு நடை, இரவு மொட்டை மாடியில் பாய். பாட்டி அப்பாவின் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை உளறிவிடுவார். அது அப்பா இதுவரை சொல்லிவந்த எண்ணாக இருக்காது. திரும்பும் நாளில் எவர்சில்வர் டப்பாவில் சீடை, பழைய துணியில் சுற்றிய ஊறுகாய் பாட்டில், பேத்தியின் கையில் மடித்த நூறு ரூபாய். எழும்பூர் போகும் ரயிலில் ஏறியதும் மகள் வழக்கம்போல் ஹெட்போனை மாட்டிக்கொள்வாள். பையன் அடுத்த முறைக்கு அறுபது நாள் எப்போது ஆரம்பம் என்று போனில் எண்ணிக்கொண்டிருப்பான். அவனுக்கு இன்னும் நான்கு கோடைகள் இருக்கின்றன.